விரலில் இல்லை குற்றம், குதிரையில் இருக்கிறது

வடசென்னையில் ஒரு படிப்பகத்தின் மாடியில், வாரத்தில் மூன்று மாலைகள் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு ஆண்டுகளாக இது நடக்கிறது. கீழே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் கீச்சுக்கீச்சென்று தந்திகளை அறுத்துக்கொண்டிருப்போம். இருபத்திரண்டு பிள்ளைகள், பதினான்கு வயலின்கள். அவற்றில் பாதி யாரோ வாங்கி, வாசிக்காமல் விட்டு, தூசு படிந்தபின் எங்களுக்குக் கொடுத்தவை.

சென்ற மாதம் ஒரு பத்து வயதுப் பையன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். இடது கையை விரித்துக் காட்டினான். நான்கு விரல் நுனிகளிலும் தந்தி பதிந்த கோடு, சிவந்து கிடந்தது. "அக்கா, எனக்கு வராது போல. எவ்ளோ அமுக்குனாலும் சத்தம் வர மாட்டேங்குது" என்றான். மூன்று வாரமாக அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வில் நேராகப் போகிறது, காதும் நல்ல காது. விரலை வைத்தால் மட்டும் ஒலி மூச்சுத்திணறுகிறது. பயிற்சி போதவில்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவன் வயலினை வாங்கி நான் வாசித்துப் பார்த்தேன். எனக்கே விரல் வலித்தது. தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டுக்கு நாம் குதிரை என்று பெயர் சொல்கிறோம். மலிவான வயலின்களில் அந்தக் குதிரையைச் சரியாகச் சீவாமலே பொருத்தி அனுப்பிவிடுகிறார்கள். அது உயரமாக இருந்தால் தந்தி பலகையிலிருந்து எட்டி நிற்கும். வளர்ந்தவர்கள் கூட மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டும், பத்து வயது விரல் என்ன செய்யும்? கிடார் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் குதிரையின் மேல் விளிம்பை அரம் வைத்துச் சீவிக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. அடுத்த வகுப்பில் பையன் நாலு சுரம் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "அக்கா, வயலின் திருந்திடுச்சு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் அவன் நின்றிருப்பான். "ஆர்வமில்லாத பையன்" என்று வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்திருப்பேன். தனக்கு இசை வராது என்று அவன் வாழ்நாள் முழுக்க நம்பியிருப்பான்.

எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்பது வயதில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வயலின் தொட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஞாயிறு பிற்பகல்களில் சொல்லிக்கொடுத்தார். பதினான்கு வயதில் கர்நாடக இசையும் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அம்மாவோடு ஊரின் தெற்குப் பக்கம் ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, எந்தச் சர்ச் என்று கேட்டார். வாசிக்கச் சொல்லவில்லை. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "விரல் தடிமனா இருக்கும்மா. இதெல்லாம் ரத்தத்துல ஊறி வரணும். உங்க பக்கம் தாள வாத்தியம் நன்னா வருமே, அதைக் கத்துக்கோயேன்" என்றார். திட்டவில்லை. மோர் கூடக் கொடுத்தார். திரும்பி வரும் பேருந்தில் அம்மா என் விரல்களைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். பல ஆண்டுகள் நான் என் விரல்களைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

யாருடைய ரத்தம்?

ரத்தத்தில் ஊறியது என்கிறார்களே, அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

வயலின் இந்த மண்ணின் வாத்தியம் கிடையாது. ஐரோப்பியர்களோடு கப்பலில் வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பிய இசைக்காரரிடம் அதைக் கற்று, நம் இசைக்குப் பொருத்தினார். எங்கள் படிப்பகத்திலிருந்து மணலி பேருந்தில் போகிற தூரம்தான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு நட்டுவனார் மரபில் வந்தவர். அவர் வாசித்த வயலினைக் கேட்டுத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பின்னாளில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று பெரும் வித்வான்கள் வந்தார்கள். இருநூறு ஆண்டுச் சொச்சம் வரலாறு உள்ள ஒரு கருவி எந்தச் சாதியின் ரத்தத்தில், எப்போது ஊறியது? ஒரு வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்டுத் தொடங்கிய கலை, நான்கைந்து தலைமுறைக்குள் பரம்பரைச் சொத்தாகிவிட்டது.

இன்னொன்றையும் என் பிள்ளைகளிடம் சொல்வேன். அந்தக் காலத்தில் வயலின் தந்தி என்பது ஆட்டின் குடலைத் திரித்துச் செய்தது. வில்லில் இருப்பது குதிரையின் வால்மயிர். மரத்துண்டுகளை ஒட்டியது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. குடலும் தோலும் மயிரும் சேர்ந்த இந்தப் பெட்டி எந்தத் தீட்டும் இல்லாமல் சபாக்களின் மேடையேறியது. பூசையறை வரைக்கும் போனது. அதைத் தொடுகிற கை யாருடையது என்பதில்தான் தீட்டு வந்தது. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூலை எழுதினார். அந்த நூல் எழுப்பிய கேள்வியை வயலினிடமும் கேட்கலாம்.

"உங்க பக்கம் தாள வாத்தியம்" என்ற வாக்கியமும் வரலாற்றுப் பொய். கேரளத்தில் பட்டியல் சாதியினரான புள்ளுவர்கள், ஒற்றைத் தந்தியை வில்லால் இழுக்கும் புள்ளுவன் வீணையோடு நாகப்பாட்டுப் பாடுகிறார்கள். நேபாளத்தில் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட காந்தர்வர்கள் சாரங்கியோடு ஊர் ஊராகப் போய்ச் செய்திகளைப் பாட்டாகச் சொன்னார்கள். தெலங்கானாவின் தக்கலி சமூகத்தைச் சேர்ந்த தர்சனம் மொகிலய்யா, சுரைக்குடுக்கைகள் கட்டிய கின்னெரா என்னும் தந்திக் கருவிக்காக 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். தந்தியும் வில்லும் நம் கைகளுக்கு எப்போதும் அந்நியமாக இருந்ததில்லை. அவற்றுக்குச் சபா கிடைக்கவில்லை, சம்பளம் கிடைக்கவில்லை, 'சாஸ்திரியம்' என்ற பட்டம் கிடைக்கவில்லை.

தாய்மொழி போல

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி (1898–1998) என்றொரு வயலின் ஆசிரியர் இருந்தார். நகோயாவில் அவருடைய அப்பா வயலின் தொழிற்சாலை நடத்தினார். ஆனாலும் சுசுகி தானாக வாசிக்கத் தொடங்கியது பதினேழு வயது வாக்கில்தான். போருக்குப் பின் மட்சுமோட்டோ நகரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய அடிப்படைக் கருத்து மிக எளிது. ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள். அத்தனை சிக்கலான ஒன்றை எல்லாக் குழந்தையும் கற்கிறது என்றால், திறமை என்பது பிறப்பில் வருவது கிடையாது. கேட்பது, திரும்பச் செய்வது, சுற்றியிருப்பவர்கள் மகிழ்வது, இவை இருந்தால் எந்தக் குழந்தைக்கும் இசை வரும்.

சாதியச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இது வெறும் கற்பித்தல் முறையாகத் தெரியாது. பிறப்பால் தகுதி என்று சொல்கிற ஓர் அமைப்பின் அடித்தளத்தையே இது கேள்வி கேட்கிறது. தகுதி, திறமை என்ற சொற்களை இட ஒதுக்கீட்டுக்கு எதிராக எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இசை வகுப்பில் அதே சொற்கள் 'ஞானம்', 'வாசனை', 'கடாட்சம்' என்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருகின்றன.

ஆனால் சுசுகி முறையை அப்படியே எடுத்து எங்கள் மாடியில் நடத்த முடியவில்லை. அந்த முறையில் தாயோ தந்தையோ வகுப்பில் உடன் உட்கார வேண்டும், வீட்டில் தினமும் கூட இருந்து பயிற்சி செய்ய வைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் தாய்மார் பலர் விடிவதற்கு முன்பே தூய்மைப் பணிக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறார்கள். வீடு என்பது ஒற்றை அறை. அங்கே தாத்தா படுத்திருப்பார், தம்பி எழுதிக்கொண்டிருப்பான், பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். "வீட்ல பிராக்டிஸ் பண்ணலையா?" என்று கேட்பது எங்கள் வகுப்பில் தடை செய்யப்பட்ட கேள்வி. வீடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதைக் கேட்கக் கூடாது. தெரிந்தபின் கேட்கவே தோன்றாது.

எனவே பயிற்சியை வீட்டிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவந்தோம். வகுப்புக்கு முன்பு அரை மணி நேரம் மாடி திறந்திருக்கும். ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் ஒரு மூத்த பிள்ளை துணை. சுசுகி தாயிடம் கேட்ட வேலையை எங்களிடம் பதின்மூன்று வயது அக்காக்களும் அண்ணன்களும் செய்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குக் குதிரையின் மேல் மாட்டும் ரப்பர் மியூட் கொடுக்கிறோம். சத்தம் கொசு அளவுக்குக் குறைந்துவிடும், தாத்தா விழிக்க மாட்டார்.

காலிம்பொங்கில் கனடாவைச் சேர்ந்த ஓர் இயேசு சபைப் பாதிரியார் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளி, கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வயலினைப் பாடமாகவே வைத்தது. தென்னாப்பிரிக்காவின் சோவேட்டோவில் பஸ்கெய்ட் 1997 முதல் கறுப்பினச் சிறுவர்களுக்குத் தந்தி இசை கற்பிக்கிறது. இதுபோன்ற இடங்களில் முதலில் செய்கிற வேலை ஒன்றுதான். கருவியையும், வாசிக்க ஓர் இடத்தையும், நேரத்தையும் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அதன்பிறகே திறமையைப் பற்றிய பேச்சு.

கைதட்டலும் கேள்வியும்

இனி எழுதப்போவது நம் பக்கத்தில் நிற்கும் நண்பர்களைப் பற்றியது. கொஞ்சம் சங்கடமானது.

இரண்டு ஆண்டுக்கு முன், ஏப்ரல் 14 அன்று எங்கள் பிள்ளைகள் ஒரு மேடையில் வாசித்தார்கள். அன்றைக்குச் சரியாக அமையவில்லை. வெயிலில் தந்திகள் இறங்கிவிட்டன, இரண்டு பேர் பாதியில் வழிதவறினார்கள். முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு விருந்தினர் கண்ணீரோடு, "அற்புதம், குறையே இல்லை" என்றார். மேடையை விட்டு இறங்கிய பன்னிரண்டு வயதுப் பெண் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, என் மூணாவது விரல் பூரா தப்பு. அவங்களுக்குக் காது கேக்கலையா, இல்ல நமக்கு இது போதும்னு நெனச்சாங்களா?"

அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் தூங்கவில்லை. எனக்கு "வராது" என்று சொன்ன ஆசிரியரும், அவளிடம் "குறையே இல்லை" என்று சொன்ன விருந்தினரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோலத் தெரியும். இருவருமே பிள்ளை வாசித்ததைக் கேட்கவில்லை. ஒருவர் என் விரலைப் பார்த்தார், இன்னொருவர் அவள் வறுமையைப் பார்த்தார். இரக்கத்தால் அளவுகோலைத் தாழ்த்துவதும் சாதி செய்கிற வேலைதான், கொஞ்சம் மென்மையாகச் செய்கிறது.

முற்போக்கு நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "இந்தப் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கலாமே, வயலின் எதற்கு?" என்று கேட்டார். பறை எங்கள் பெருமை. இழிவு என்று சுமத்தப்பட்டதை விடுதலையின் ஒலியாக மாற்றியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் மாணவர்களில் ஐந்து பேர் பறையும் வாசிக்கிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளை பறையை விரும்பி எடுப்பது வேறு, "உனக்கு அதுதான்" என்று வேறொருவர் எடுத்துக் கொடுப்பது வேறு. பதினான்கு வயதில் எனக்குச் சொன்ன அதே வாக்கியத்தை இந்த முறை தோழமையோடு சொன்னார்கள்.

சரி, ஊக்கம் கொடுப்பது எப்படி? என் அனுபவத்தில், துல்லியமாகச் சொல்வதுதான் ஊக்கம். "சூப்பர்" என்ற சொல்லுக்குப் பின்னால் குழந்தை செய்வதற்கு எதுவும் இல்லை. "தப்பு" என்ற சொல்லுக்குப் பின்னாலும் இல்லை. "மூன்றாவது விரல் ஒரு நூல் மேலே போகிறது, கீழே இறக்கு" என்றால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது.

அதைவிட நல்லது, நான் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடிப்பது. வயலினில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. நாங்கள் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டுகிறோம். டி தந்தியில் மூன்றாவது விரலை வைத்தால் வருவது ஜி சுரம், பக்கத்தில் சும்மா இருக்கும் ஜி தந்தியின் மேல் ஸ்தாயி. விரல் சரியான இடத்தில் விழுந்தால், யாரும் தொடாத அந்த ஜி தந்தி தானாக அதிரும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். விரல் ஒரு நூல் தள்ளினால் அதிராது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மறுவாரம் இதைக் காட்டினேன். அரை மணி நேரம் வேறு எதையும் செய்யவில்லை, விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். தந்தி நடுங்கியபோது, "அக்கா, இது பேசுது!" என்று கத்தினாள்.

சரி எது, தவறு எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அன்றைக்கு என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனது. குருவின் முகத்தைப் பார்த்துப் பயந்து வாசிக்கும் பிள்ளைக்கும், தந்தியின் அதிர்வைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அறிவுக்கு வாசற்காவலர் தேவையில்லை என்பதை அவள் விரலால் படித்தாள்.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். பயந்த கையில் வில் நடுங்கும். பெருவிரல் இறுகும், தோள் காதுவரை ஏறும், ஒலி உடையும். அடித்தும் அவமானப்படுத்தியும் கற்பிப்பதை 'குருகுலக் கண்டிப்பு' என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தக் கண்டிப்பு ஒலியையே கெடுக்கிறது என்பதை ஏன் கேட்பதில்லை? எங்கள் வகுப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் 'தப்பு நேரம்'. எல்லோரும் வேண்டுமென்றே மோசமாக வாசிக்க வேண்டும், நானும் வாசிப்பேன். பூனை, பிரேக் அடிக்கும் லாரி, தண்ணீர் வராத குழாய் என்று எல்லாச் சத்தமும் வரும். தவறு வந்தால் வானம் இடிந்து விழாது என்று தெரிந்த கை தளர்ந்து கிடக்கும். தளர்ந்த கைதான் கற்கும்.

என் தவறு

இதையெல்லாம் நான் கரை கண்டவள் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே என் தவறையும் எழுத வேண்டும்.

வகுப்பு தொடங்கிய இரண்டாம் ஆண்டு, பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஒரு நாள் சீக்கிரம் வந்து தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். படியேறும்போதே கேட்டது. கானா மெட்டு. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடுவார்களே, அந்த மாதிரி. விரலை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இழுத்து, பாடகரின் குரல் கம்முவதைக் கூட வாசித்திருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் இங்க வேணாம். முதல்ல பாடத்தை வாசி."

வில்லைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு வாரம் வரவில்லை.

யாருடைய குரல் அது? எங்கள் தெருவின் பாட்டு வயலினில் ஏறக்கூடாது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தெற்குப் பக்கத்து வீட்டில் எனக்கு நேர்ந்ததை நான் கையோடு எடுத்து வந்து என் மாடியில் வைத்திருந்தேன். அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாத்தா இறந்த அன்று பாடிய பாட்டாம் அது. "தாத்தா ஞாபகம் வந்துச்சுக்கா" என்றான். பாவத்தோடு வாசி, உணர்ச்சியோடு வாசி என்று மாதக்கணக்கில் பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் நான். உணர்ச்சி தானாக நடந்து வந்தபோது வாசலில் நிறுத்திவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த மெட்டை எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.

இப்போது வழுக்கி வாசிக்கும் பாடத்தை அந்தக் கானாவில்தான் தொடங்குகிறோம். சுரங்களுக்கு நடுவே விரல் பயணம் செய்யும் வித்தையைக் கர்நாடக இசையில் கமகத்தின் ஒரு வகையாகச் சொல்வார்கள், மேற்கத்திய இசையில் வேறு பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு அது முதலில் தாத்தாவின் பாட்டு. பிறகு அவர்கள் கீர்த்தனையும் வாசிக்கிறார்கள், பாக்கும் வாசிக்கிறார்கள். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் பாக்கையும் தியாகராசரையும் ஒரே வயலின் கூட்டத்தில் உட்கார வைத்தவர். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அந்த இரவு எங்கள் பிள்ளைகள் செல்பேசியைச் சுற்றி உட்கார்ந்து, கிடைத்த துணுக்குக் காணொளிகளில் வயலின்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தாங்கிக்கொள் என்று யாரிடம் சொல்கிறோம்?

மூன்றாவது விரலைப் பற்றிக் கேட்டாளே, அந்தப் பெண்ணின் குடியிருப்பைச் சென்ற ஆண்டு இடித்தார்கள். குடும்பம் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஊரின் வடக்கிலிருந்து தெற்கு விளிம்புக்கு, பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். பள்ளி மாறியது, அம்மாவின் வேலை போனது, வகுப்பு நின்றது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் இடம்பெயர்ந்த அந்தச் சிறுமியிடம் போய் "விடாமுயற்சி வேண்டும், மனத்திடம் வேண்டும்" என்று யாராவது பேசினால் என்ன பொருள்? இப்போது பள்ளிகளில் மீண்டெழும் திறன் பற்றி அறிவுரைகள் நிறையக் கேட்கிறோம். விழுந்தவள் எப்படி எழ வேண்டும் என்று வகுப்பெடுக்கிறோம், தள்ளியவர்களுக்கு எந்த வகுப்பும் இல்லை. எங்கள் பிள்ளைகளிடம் தாங்கும் சக்தி குறைவாக இருந்ததாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தேவைக்கு மேல் இருக்கிறது. வயதுக்கு மீறி இருக்கிறது.

எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வயலினைத் திரும்பக் கேட்கவில்லை. இருபத்திரண்டு பேருக்குப் பதினான்கு என்ற கணக்கில் ஒன்று குறைந்தால் வரிசை நீளும். பிள்ளைகளிடமே கேட்டோம். "அவகிட்டயே இருக்கட்டும்" என்றார்கள். மூத்த பையன் ஒருவன் வாரம் ஒருமுறை செல்பேசியில் அழைத்து அவளோடு வாசித்தான், கோடு கிடைத்த நாட்களில். ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். விரல் மறந்துபோயிருந்தது, காது மறக்கவில்லை. இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறாள். ஒரு குழந்தை மீண்டெழுந்தாள் என்று இதைக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் விட்டுப்போன இடத்தை அவளுக்காக யாரோ காலியாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பத்தியைப் படிக்கும் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ பரணில் ஒரு வயலின் கிடந்தால் அருகிலுள்ள படிப்பகத்துக்குக் கொடுங்கள். முழு அளவு மட்டும் போதாது. கால், அரை, முக்கால் அளவு வயலின்கள்தான் சிறு கைகளுக்கு வேண்டும், அவைதான் கிடைப்பதில்லை. கொடுக்கும் முன் குதிரையைச் சீவிக் கொடுங்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலையைக் கொடுங்கள். தொண்டு என்று எண்ணி வராதீர்கள். மோசமாக வாசித்தால் "மோசம், இப்படி வாசி" என்று சொல்லும் நேர்மையோடு வாருங்கள்.

மாநகராட்சி, அரசுப் பள்ளிகளில் இசைக்கருவிகளும் நிரந்தர இசை ஆசிரியர்களும் வேண்டும் என்று கேளுங்கள். கணக்கும் அறிவியலும் எல்லோருக்கும் பொது என்று போராடித்தான் பெற்றோம். இசையும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். படிப்பகத்து மாடிகள் அரசுக்கு மாற்றாகிவிட முடியாது.

எங்கள் மாடிச் சுவரில் ஓர் அம்பேத்கர் படம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கோட்டும் கண்ணாடியும் புத்தகமும்தான். அண்ணல் தம் வாழ்வின் பிற்பகுதியில் வயலின் கற்றுக்கொண்டார் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவர் வயலின் புனேயில் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்றேன். அத்தனை போராட்டத்துக்கும் எழுத்துக்கும் இடையில், தலைநரைத்த வயதில், ஒரு மாணவராக உட்கார்ந்து வில் பிடிக்கக் கற்ற மனிதர் அவர்.

குதிரை சீவிய வயலினை மடியில் வைத்திருந்த அந்தப் பத்து வயதுப் பையன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான்.

"அக்கா, அவருக்கும் ஆரம்பத்துல கீச்சுன்னுதான் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்டா" என்றேன்.

தலையாட்டிவிட்டு வில்லை எடுத்தான்.